கோதுக்குள் ஓர் உணரி

இரண்டு போன்களும் ஒரே நேரத்தில் ஒலித்தன. அஜந்தாவின் போன் குசினி மேசையில் கிடந்தது. உதயரூபனின் போன் உள் அறையில், கட்டிலின் தலைமாட்டில், சார்ஜரோடு இணைந்தபடி கிடந்தது. தைப்பொங்கலுக்கு மறுநாள் பின்னேரம். அந்த வருடம் அந்த வீட்டில் பொங்கல் இல்லை. அவள் முதல்நாள் சோற்றைச் சூடாக்கிக்கொண்டிருந்தாள்.

இரண்டும் சேர்ந்து ஒலித்தால் மின்கடிதம் ஓர் இடத்திலிருந்துதான் வந்திருக்கும். புருசனும் பெண்சாதியுமாக எழுதி அனுப்பிய ஆய்வுக் கட்டுரை ஒன்று லண்டனில் ஓர் இதழின் கையில் இருந்தது. இதழ்க்காரர் எதை எழுதினாலும் இருவருக்கும் எழுதுவார்கள். இருவரில் ஒருவர் இறந்து மூன்று மாதமாகிறது என்று அவள் அவர்களுக்கு அறிவிக்கவில்லை. ஒளிக்க வேண்டும் என்பதல்ல. அந்தச் சொல்லைத் தட்டச்சுச் செய்ய விரல் வரவில்லை, அவ்வளவுதான். அவருடைய போனை அணைக்கவும் கை வரவில்லை. ஒவ்வொரு நாளும் சார்ஜ் ஏற்றிவைத்தாள்.

கட்டுரையை இரண்டு பேர் மதிப்பிட்டிருந்தார்கள். முதலாமவர் பாராட்டியிருந்தார். இரண்டாமவர் கேட்டது ஒரே ஒரு கேள்வி. கட்டுரையில் சொல்லப்படும் விளைவு கோதினால் வந்ததா, ஆளியை, அதாவது சுவிட்சை, போட்டு அணைத்த விதத்தினால் வந்ததா என்பதை ஆசிரியர்கள் காட்ட வேண்டும். தவணை அறுபது நாள்.

அஜந்தா சோற்றை மூடிவைத்தாள். அந்தக் கேள்விக்குப் பதில் தெரியக்கூடிய ஆள் இந்த உலகத்தில் ஒருவர்தான். அது அவள்.

கட்டுரையில் உணரி என்று அவர்கள் எழுதியது இரும்பும் கம்பியும் உள்ள பொருள் அல்ல. அது தாளில் மட்டும் இருப்பது. அதற்கு இரண்டே படிகள்: கீழ்ப்படி, மேற்படி. அதை வெற்றிடத்தில் வைத்து, ஆளியைப் போட்டு, சிறிது நேரம் விட்டு, ஆளியை அணைத்துப் பார்க்க வேண்டும். மேற்படிக்கு ஏறியிருந்தால் அது எதையோ, ஒரு துணிக்கையை, உணர்ந்திருக்கிறது. துணிக்கை என்றால் உண்மையில் என்ன என்று அவள் கேட்டபோதெல்லாம் உதயரூபன், "உணரி எத உணருதோ அதான் துணிக்கை. அதுக்கு மேல என்னட்டக் கேக்காதீங்க டீச்சர்" என்பார். அவர் கம்பஸில் பௌதிகவியல் விரிவுரையாளர். அவள் உயர்தர வகுப்புக்குக் கணிதம் படிப்பிக்கும் ஆசிரியை. கலியாணம் முடித்து, இந்தப் பக்க வழக்கப்படி பெண் வீட்டுக்கு, உன்னிச்சையிலிருந்து அமிர்தகழிக்கு வந்த நாள்முதல் அவர் அவளைப் பெயர் சொல்லி அழைத்ததை விட டீச்சர் என்று அழைத்ததுதான் அதிகம். பிள்ளைகள் இல்லை. பின்னேரங்களில் கணக்குச் செய்தார்கள்.

வெற்றிடத்தில் சும்மா நிற்கும் உணரி எதையும் உணராது. அதே வெற்றிடத்தில் ஆர்முடுகிக்கொண்டு, வேகம் கூடிக்கொண்டே ஓடும் உணரி சூட்டை உணரும். இது பழைய கதை, தெரிந்த கதை. உதயரூபன் எடுத்த கேள்வி வேறு. மிகக் கனமான, முட்டை ஓடு மாதிரி உள்ளே ஒன்றுமில்லாத ஓர் உருண்டைக் கோது. அதன் நடுவில் உணரி. கோதுக்குள் இருப்பதை எந்தப் பக்கமும் இழுக்காது. எல்லாப் பக்கத்து இழுவையும் ஒன்றையொன்று அழித்துவிடும். வெளியும் நேரமும் வளைந்து கிடப்பது கோதுக்கு வெளியேதான், உள்ளே தட்டை. ஒரு வெளிச்சம் கோதைத் தொட்டுவிட்டுத் திரும்பி வர எடுக்கும் நேரத்துக்குள் ஆளியைப் போட்டு அணைத்துவிட்டால், தன்னைச் சுற்றி ஒரு பாரம் இருப்பது அந்த உணரிக்குத் தெரியுமா?

தெரிய வழியில்லை என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் வெற்றிடம் என்பது ஒன்றுமில்லாத இடம் அல்ல. அதற்கென்று ஒரு மெல்லிய நடுக்கம் உண்டு. கோது அங்கே வெகுகாலமாக இருக்கிறபடியால் அந்த நடுக்கம் கோதுக்கு ஏற்றபடிதான் அமைந்து கிடக்கும். ஆகவே தெரியும் என்று உதயரூபன் நம்பினார். எவ்வளவு தெரியும், கோது இருக்கும்போதும் இல்லாதபோதும் உணரி மேற்படிக்கு ஏறும் வாய்ப்பில் எவ்வளவு வித்தியாசம் என்பதுதான் கணக்கு.

செத்த வீட்டுக்கு வந்த சிலர், அவர் மட்டக்களப்பு வாவியில் மீன் பாடுவதைப் பற்றித்தானே ஆராய்ந்தார் என்று அவளிடம் கேட்டார்கள். ஓம் என்று சொல்லிவைத்தாள்.

அந்தக் கணக்கில் கவனிக்க வேண்டிய காரியம் ஒன்று இருந்தது. ஆளியை டக்கென்று போடக் கூடாது. போட்டால் அந்த அதிர்ச்சியிலேயே உணரி மேற்படிக்குத் தாவிவிடும். வெற்றிடம் ஒன்றும் சொல்லியிருக்காது. வாவியில் வலை போடுகிறவர்கள் கம்பால் தண்ணீரில் அடித்து மீனைத் துரத்துவார்கள். அடித்துவிட்டு, மீன் தானாகத் துள்ளியது என்று அவர்களில் யாரும் சொல்வதில்லை. அதனால் ஆளி மெல்ல ஏறி மெல்ல இறங்க வேண்டும். வரைந்து பார்த்தால் நடுவில் ஒரு மேடு, இரண்டு பக்கமும் நீண்டு தேய்ந்துபோகும் வால்கள். வால்களில் உணரி ஏறக்குறைய ஒன்றும் செய்யாது. ஆனால் கணினிக்குப் பாதி நேரத்துக்கு மேல் அங்கேதான் போகும்.

அந்தக் கணக்கைப் போட்டது போன வருடம், நாடு முழுக்கக் கரண்ட் வெட்டிய வருடம். பெற்றோல் வரிசை, காஸ் வரிசை. உதயரூபனின் சிறுநீரகங்கள் இரண்டும் கைவிட்டிருந்தன. கிழமைக்கு இரண்டு முறை டயலிசிஸ். கோது இல்லாத வெறும் வெற்றிடத்தின் கணக்கை, கரண்ட் வெட்டத் தொடங்குமுன்பே, முழு வால்களோடு முடித்துவைத்திருந்தார்கள். கோதோடு சேர்ந்த கணக்கு மட்டும் மிச்சம். அதற்குப் பதினான்கு மணித்தியாலம் தொடர்ந்து கணினி ஓட வேண்டும். தொடர்ந்து ஐந்து மணித்தியாலம் கரண்ட் இருப்பதே அபூர்வம். நான்கு முறை போட்டாள். நான்கு முறையும் பாதியில் வீடு இருண்டது. இடையிடையே சேமித்துக்கொண்டு போகும்படி நிரலைத் திருத்தி எழுதியிருக்கலாம்தான். அந்த நாட்களில் அவளுக்கு ஆஸ்பத்திரிக்கும் வரிசைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் இடையில் கிடைத்தது அரைமணி, முக்கால்மணி.

ஐந்தாவது முறை அவள் வால்களை வெட்டினாள்.

மேட்டின் இரண்டு பக்கமும் ஒரே வெட்டு. கணக்கு நான்கே முக்கால் மணித்தியாலத்தில் முடிந்தது. மட்டக்களப்பில் கரண்ட் எப்படி வந்து எப்படிப் போனதோ, அதே மாதிரி அவளுடைய உணரியும் டக்கென்று விழித்து டக்கென்று அணைந்தது. பிறகு கரண்ட் ஒழுங்காக வரும்போது முழுதாகப் போட்டுப் பார்க்கலாம், இது இப்போதைக்கு ஒரு தோராயம் என்று நினைத்துக்கொண்டுதான் அந்த இலக்கத்தைக் கடதாசியில் எழுதிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

"எவ்வளவு?" என்றார், டயலிசிஸ் இயந்திரத்துக்குக் கையைக் கொடுத்துப் படுத்திருந்தவர்.

"ஏழு."

"ஏழு எண்டா? பத்தாயிரத்துக்கு ஏழா?"

"இல்ல. நூற்றுக்கு ஏழு."

அவர் எழும்ப முயன்றார். குழாய் இழுபட்டது. தாதி ஓடிவந்தாள். "தங்கச்சி, நூற்றுக்கு ஏழு!" என்று அவளிடமும் சொன்னார்.

"ஹீமோகுளோபினா சேர்? அது போன கிழமையும் ஏழுதானே" என்றாள் தாதி.

அவர் சிரித்தார். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அப்படி வயிறு குலுங்கச் சிரித்தார். கிளினிக் கொப்பியின் பின் அட்டையில் அந்த இலக்கத்தை எழுதி வட்டம் போட்டார். "அது சுத்தி இரிக்கிறது உள்ள இரிக்கிறதுக்குத் தெரியுது, டீச்சர். தொடாமலே தெரியுது" என்றார். அஜந்தா வாயைத் திறந்தாள். வாலை வெட்டினேன், திரும்பப் போட வேண்டும் என்று சொல்லத்தான் திறந்தாள். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்ல முடியவில்லை. நாளைக்குச் சொல்லுவோம் என்று விட்டாள். மறுநாள் அவர் கட்டுரையை வாயால் சொல்லத் தொடங்கிவிட்டார். பதினொரு நாளில் முடித்தார்கள். அனுப்பி மூன்றாவது கிழமை அவர் போய்விட்டார்.

முப்பத்தோராம் நாளுக்கு, உன்னிச்சையில் வேளாண்மை செய்யும் அவருடைய மூத்த அண்ணன் நல்லரத்தினம் நினைவு மலர் அடித்தார். முன்னூறு பிரதி. உள்ளே ஊர்ப் புலவர் ஒருவர் பாடிய வெண்பாக்கள், குடும்பப் படம், பிறகு தடித்த எழுத்தில் ஒரு வரி: 'வெளிச்சம் போய்ச் சேருமுன்னே வெற்றிடத்தில் செய்தி கேட்டவர்.' அஜந்தா ஆஸ்பத்திரியில் நடந்ததை அவருக்குச் சொல்லப்போய், அவர் புலவருக்குச் சொல்லி, அது இப்படி அச்சாகியிருந்தது. படித்தபோது அவளுக்கு வியப்பாக இருந்தது. ஏறக்குறையச் சரியாகத்தான் எழுதியிருந்தார்கள்.

கேள்வி வந்து பதினெட்டு நாள் அவள் கணினியைத் தொடவில்லை. பள்ளிக்கூடம் போனாள், வந்தாள், முற்றத்தைக் கூட்டினாள். வீட்டில் எந்தப் பக்கமும் ஓர் இழுவை இல்லை. முன்பு குசினியில் நின்றால் உள் அறை இழுக்கும்: ஓர் இருமல், ஒரு "டீச்சர்". உள் அறையில் நின்றால் அடுப்பு இழுக்கும். இப்போது நடு ஹோலில் நின்றால் நின்றபடி நிற்கலாம்.

பத்தொன்பதாம் நாள் ஏறாவூருக்குப் போன் எடுத்தாள். ஸாதியா கம்பஸ் காலத்தில் அவளோடு ஒரே அறையில் இருந்தவள். ஸாதியாவின் புருசன் அக்ரமுக்கு மீன் யாவாரத்துக்காக ஓர் ஐஸ் பெக்டரி இருந்தது. கரண்ட் போனாலும் அங்கே ஜெனரேட்டர் நிற்காது.

"கொண்டு வா கா" என்றாள் ஸாதியா. "மீனுக்கு ஓடுற மெசின் உன்ட கணக்குக்கும் ஓடட்டும்."

பெரிய கணினிப் பெட்டியை ஓட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு போனாள். ஐஸ் பெக்டரியின் முன் அறையில், பற்றுச்சீட்டுக் கொப்பிகளைத் தள்ளி இடம் செய்தார்கள். பின்னால் குளிரூட்டும் இயந்திரம் உறுமிக்கொண்டிருந்தது. நிலமெல்லாம் ஈரம். கோது உள்ள கணக்கும் கோது இல்லாத கணக்கும் இரண்டையும் ஒரே ஆளியோடு, ஒரே நீள வால்களோடு போட்டாள். இந்த முறை வால்களை முன்னையதைவிட இன்னும் நீளமாக விட்டாள்.

பள்ளிக்கூடத்துக்கு மூன்று நாள் லீவு போட்டிருந்தாள். காலையில் வந்து, பொழுதுபடும்வரை அந்தக் கதிரையில் இருந்தாள். ஸாதியா இஞ்சித் தேத்தண்ணீர் கொண்டுவந்தாள்.

"ரெண்டு நாளாப் பாக்கன், சத்தமுமில்ல, படமுமில்ல. என்னதான் கா செய்யுது இது?"

"ஒண்டுமில்லாத இடத்தில என்ன இரிக்கி எண்டு பாக்குது."

"யா அல்லாஹ். அதுக்கு ஏன் இவ்வளவு பாடு? போன வருசம் எங்கட அரிசி வாளியத் திறந்து பாத்திருந்தாலே தெரிஞ்சிருக்குமே."

அஜந்தா சிரித்தாள். சிரித்த பிறகு தேத்தண்ணீர்க் கோப்பையை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்தாள். ஸாதியா அதைப் பார்த்தாள். "என்ன, குளிரா?"

"குளிர்தான்."

ஸாதியா தன் தோளில் கிடந்ததை எடுத்து அவளுக்குப் போர்த்திவிட்டாள்.

மூன்றாம் நாள் மத்தியானத்துக்குச் சற்று முன் கணக்கு முடிந்தது. நூற்றுக்கு ஏழு இல்லை. நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. மிஞ்சியது பத்தாயிரத்துக்கு நாலு. கணக்கில் வரக்கூடிய பிழையின் அளவு பத்தாயிரத்துக்கு ஐந்து. இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்.

அவள் அந்த இலக்கத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். 'பத்தாயிரத்துக்கு ஏழா?' என்று அவர் கேட்டது அப்போதுதான் நினைவு வந்தது. அவருடைய மனம் முதலில் நினைத்த அளவு அதுதான். நூற்றுக்கு என்று திருத்தியவள் அவள்.

"என்ன வந்திரிக்கி?" என்று வாசலில் நின்று கேட்டாள் ஸாதியா.

"ஒண்டுமில்ல."

"ஒண்டுமில்லாத இடத்தில ஒண்டுமில்ல எண்டா சரிதானே?" என்று சொல்லத் தொடங்கியவள் அஜந்தாவின் முகத்தைக் கண்டு பாதியில் நிறுத்தினாள். வந்து பக்கத்துக் கதிரையில் அமர்ந்தாள். பின்னால் யாரோ ஐஸ் கட்டியை உடைக்கும் சத்தம் கேட்டது.

அதன் பிறகு ஒரு கிழமை அவள் இரண்டு மனமாக இருந்தாள். இரண்டாம் மதிப்பீட்டாளருக்குப் பதில் எழுதுவது கடினம் அல்ல. இரண்டு மூன்று வரைபுகளைப் போட்டு, நீளமான ஒரு பந்தி எழுதினால் பெரும்பாலும் ஏற்றுக்கொள்வார்கள். இன்னொருவர் இதைத் திரும்பக் கணக்கிட்டுப் பார்க்கப் பல வருடம் செல்லலாம். யாரும் பார்க்காமலும் போகலாம். ஏற்றுக்கொண்டால் அவருடைய பெயர் அச்சில் வரும். கம்பஸ் நூலகத்தில் ஒரு பிரதி இருக்கும். கட்டுரையை விலக்கிக்கொண்டால் அவர் கடைசியாகச் சிரித்த சிரிப்பு ஒரு பிழைக்காகச் சிரித்த சிரிப்பாகிவிடும். அவரிடமே கேட்டால் என்ன சொல்வார் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. அதுதான் கஷ்டம். மாணவன் ஒருவன் பரிசோதனை அறையில் இலக்கத்தைத் திருத்தி எழுதியதற்காக இரண்டு மாதம் அவனோடு முகம் கொடுத்துப் பேசாத மனிதர் அவர்.

மாசி மாதம், பெரும்போக நெல் அறுவடை நடந்துகொண்டிருந்தபோது, அவள் பஸ்ஸில் உன்னிச்சைக்குப் போனாள். நல்லரத்தினம் வட்டையில், வயல்வெளியில், நின்றார். தூரத்தில் வெட்டு மெசின் வயலைச் சுற்றி வந்துகொண்டிருந்தது. தூசிக்குத் தலைப்பாகையை அவிழ்த்து வாயில் கட்டியிருந்தார். அவளைக் கண்டதும் வரம்பில் ஏறி வந்தார்.

"என்ன புள்ள, சொல்லாமக் கொள்ளாம? புது அரிசி நான் கொண்டுவந்து தருவன்தானே?"

"அதுக்கில்ல அத்தான். அவர்ட கணக்குப் பிழச்சிட்டு."

"எந்தக் கணக்கு? லண்டனுக்குப் போனதா?"

"ஓம்."

"பிழையெண்டு ஆரு சொன்ன?"

"நான்தான்."

"நீயா?" அவர் வாயில் கட்டியிருந்த துணியை இறக்கினார். "அவங்க கண்டுபிடிச்சிட்டாங்களா?"

"இல்ல. ஒரு கேள்வி கேட்டிரிக்கிறாங்க."

"மறுகா நீ என்னத்துக்கு வாயத் திறக்கிற? பேசாம இருந்தா அச்சில வரும்தானே?"

"வரும்."

அவர் மெசினைப் பார்த்தபடி நின்றார். "முன்னூறு மலர் அடிச்சு உன்னிச்சை முழுக்கக் குடுத்தாச்சு கா. கோயில் ஐயரிட்டயும் ஒண்டு இரிக்கி. வீடு வீடாப் போய்த் திருப்பி வாங்கவா இப்ப?"

மெசின் ஒரு சுற்றுச் சுற்றி வந்த பிறகு அவரே, "என்னெண்டு பிழச்ச?" என்று கேட்டார். அவள் சொன்னாள். கரண்ட் வந்து போன நேரத்தையும், மெல்லத் திறக்க வேண்டியதை டக்கென்று திறந்து டக்கென்று மூடியதையும் சொன்னாள்.

"குளத்துத் துருச ஒரேயடியாத் திறந்தா முதல்ல வாறது சேறு" என்றார் அவர் எரிச்சலோடு. "அத அளந்துபோட்டுக் குளத்துல இவ்வளவு தண்ணி எண்டு ஆரும் சொல்லுவானா? இது தண்ணி திறந்துவிடுற எங்கட வட்டை விதானைக்கே தெரியும்."

"எனக்கும் தெரியும் அத்தான். தெரிஞ்சுதான் வெட்டின. திரும்பப் போடுவம் எண்டு நினைச்ச."

"அவனுக்குத் தெரியுமா?"

"தெரியா."

"தெரியாமத்தான் போனானா?"

"ஓம். சந்தோசமாப் போனார்."

நல்லரத்தினம் குனிந்து ஒரு நெற்கதிரை எடுத்து, உள்ளங்கையில் கசக்கி, ஊதினார். பதர் பறந்தது. மிஞ்சிய மணிகளை எண்ணுவதுபோலப் பார்த்தார். கண்ணைத் துடைத்தது தூசிக்காகவும் இருக்கலாம்.

"அப்ப அவன்ட தலையில பிழ வர விடாத. உன்ட பிழயெண்டு எழுது."

"அப்பிடித்தான் எழுதப் போறன்."

அவள் வரம்பில் திரும்பி நடந்தபோது பின்னால் கூப்பிட்டார். "புள்ள! உன்டயும் பெரிசா எழுதிப் போடாத. கரண்ட் இல்லையெண்டு எழுது!"

அன்று பின்னேரமே எழுதினாள். இதழின் பக்கத்தில், கட்டுரையை விலக்கிக்கொள்வதற்கு ஒரு படிவம் இருந்தது. மூன்று வரி எழுதினாள். ஆளியின் வால்களை நீக்கியது இரண்டாம் ஆசிரியர். அது மின்சாரம் தடைப்பட்ட காலத்தில், நேரத்தை மிச்சப்படுத்துவதற்காகச் செய்யப்பட்டது. முதல் ஆசிரியருக்கு அது தெரிவிக்கப்படவில்லை.

கீழே ஒரு கட்டம். சக ஆசிரியர்கள் அனைவரும் விலக்கலுக்கு உடன்படுகிறார்களா? ஒவ்வொருவரும் தத்தமக்கு வரும் கடிதத்தில் உறுதிப்படுத்த வேண்டும். உள் அறையில் அவருடைய போன் இருந்தது. அதன் கடவு இலக்கம் அவர்களின் கலியாண நாள். போய் எடுத்து, ஓம் என்று அழுத்தினால் முடிந்தது. அவள் எழும்பி அறை வாசல்வரை போனாள். நின்றாள். திரும்பி வந்து அமர்ந்து நான்காவது வரியை எழுதினாள். முதல் ஆசிரியர் கடந்த ஐப்பசியில் காலமானார். ஆங்கிலத்தில் அது ஐந்தாறு சொல். எழுதி முடிக்க வாவிப் பக்கத்துச் சன்னலில் வெயில் இறங்கிவிட்டது.

அனுப்பினாள். இரண்டு போன்களும் ஒலித்தன, ஒன்று கைக்கெட்டிய தூரத்தில், ஒன்று உள்ளே.

உள்ளே போனாள். திரையில் கடிதத்தின் முதல் வரி தெரிந்தது, 'அன்புள்ள கலாநிதி உதயரூபன்' என்று. கொஞ்ச நேரத்தில் திரை தானே இருண்டது. அணைப்பதற்கான பொத்தானில் விரலை வைத்தவள் எடுத்துக்கொண்டாள். சார்ஜரை மட்டும் கழற்றினாள். நூறு காட்டிற்று.

மறுநாள் பள்ளிக்கூடத்துக்குப் போகும்போது எண்பத்து மூன்று. வந்தபோது எழுபத்தாறு. அந்த நாட்களில் கரண்ட் வெட்டு நின்றிருந்தது. அவள் பழைய நிரலை எடுத்து, இடையிடையே சேமித்துக்கொள்ளும்படி மாற்றி எழுதினாள். பத்தாயிரத்துக்கு நாலு என்பது இருக்கிறதா இல்லையா என்று அறிய இலட்சத்துக்கு ஒன்றுவரை பார்க்க வேண்டும். ஒரு மாதம் செல்லும். போட்டுவிட்டாள். மூன்றாம் நாள் அவருடைய போனில் இருபத்தொன்பது. நல்லரத்தினத்தின் ஆள் ஒருவர் புது அரிசி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். உலையை வைத்துவிட்டு வந்து பார்த்தாள். இருபத்தேழு.

ஐந்தாம் நாள் பள்ளிக்கூடத்தால் வந்தபோது போனின் திரை கறுத்திருந்தது. எத்தனை மணிக்கு அணைந்தது என்று தெரியவில்லை. சத்தம் எதுவும் கேட்டிருக்காது.